வைகாசி முடியுமுன் எழுதவேண்டிய ஒரு தாள்

மழையைக் கண்டு அஞ்சுகிறவர்கள் அல்லர் நம்மவர்கள். மழைக்காக ஏங்கி வானத்தை அண்ணாந்து பார்த்துப் பழகிய மண்ணிலிருந்து வந்தவர்கள் நாம். நெல்லைச் சீமையில் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. குளம் பெருகும், மறுகால் பாயும், ஊரார் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பம்பாய் என்று நம் மூத்தோர் இன்றும் அழைக்கும் மும்பை மாநகரத்தின் மழையோ வேறு வகையானது. ஊரில் சாரல் அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் அது கடலிலிருந்து திரண்டு வருகிறது. வந்த பின் போவதற்கு மனமின்றி நான்கு மாதம் தங்கிவிடுகிறது. பருவமழை இந்நகரத்தை அடையும் இயல்பான நாள் ஜூன் 11 என்பது வானிலைத் துறையின் கணக்கு. அதாவது வைகாசி கழியுமுன் நாம் ஆயத்தமாக வேண்டும்.

ஆயத்தம் என்றவுடன் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் அன்பர்களின் நினைவுக்கு வரும். அவையும் வேண்டுவனவே, அவற்றைப் பின்னர்ச் சொல்லுவோம். முதலில் சொல்லவேண்டிய செய்தி வேறு. அதைச் சொல்ல 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாளுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

அன்று சாந்தாக்ரூஸ் வானிலை நிலையத்தில் இருபத்து நான்கு மணி நேரத்தில் பதிவான மழை 944 மில்லிமீட்டர். தூத்துக்குடிக்கு ஓராண்டு முழுவதும் கிடைக்கும் மழையைக் காட்டிலும் இது மிகுதி. அதிலும் பெரும்பகுதி பிற்பகல் தொடங்கி இரவுக்குள் கொட்டித் தீர்த்தது. அதே நாளில் நகரத்தின் தென்கோடியாகிய கொலாபாவில் பெய்தது சுமார் 73 மில்லிமீட்டரே. இந்த இரண்டு எண்களையும் அன்பர்கள் சேர்த்து நோக்க வேண்டும். கோட்டைப் பகுதியில் அலுவலகத்தில் அமர்ந்திருந்தவர் சாளரத்தின் வழியே கண்டது வழக்கமான ஆடி மழைதான். அந்த வேளையில் குர்லாவிலும் காலினாவிலும் அவருடைய வீட்டு வாசற்படியை நீர் கடந்துகொண்டிருந்தது. ஒரே நகரத்தில் கணவனுக்கு ஒரு மழை, மனைவிக்கு வேறொரு மழை.

மித்தி ஆற்றை நம்மில் பலர் நாலா என்றே அறிவோம். விகார் ஏரியும் பவாய் ஏரியும் நிரம்பி வழியும் நீரே அந்த ஆறாகி, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி, தாராவியின் ஓரமாக மாகிம் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. இந்நகரத்தின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையை ஏற்கும் அளவிற்கே கட்டப்பட்டவை. அதுவும் கடல் இறங்கியிருக்கும் வேளையில்தான். அன்று பிற்பகல் நான்கு மணியை ஒட்டிக் கடல் சுமார் நாலரை மீட்டர் உயரத்திற்கு ஏறி நின்றது. வானிலிருந்து வந்த நீருக்கு வெளியேற வாயில் இல்லை. இரயில்கள் நின்றன, விமான நிலையம் மூடப்பட்டது, புறநகரில் மின்சாரம் நின்றது, தொலைபேசிகள் பேச மறுத்தன. மகாராட்டிர மாநிலத்தில் அந்த வெள்ளத்தில் உயிரிழந்தவர் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர்.

அந்த நாளில் நாம் நன்கறிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைக் கூறுவோம். பெயர் வேண்டா. தந்தை கோட்டைப் பகுதியில் கணக்கர். தாய் இரண்டு வீடுகளில் சமையல் வேலை பார்த்து வந்தார். பிள்ளைகள் இருவர் மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் பயின்றனர். ஊரிலிருந்து வந்து ஓராண்டு நிறையாத ஆச்சி வீட்டிலிருந்தார். வீடு என்பது ஒரு சாலின் கீழ்த்தளத்தில் ஓர் அறை.

மாலை ஐந்து மணிக்குத் தாய் பள்ளியை நோக்கி முழங்கால் நீரில் நடக்கத் தொடங்கினார். பள்ளியில் ஆசிரியர்கள் பிள்ளைகளை மாடிக்கு ஏற்றிப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதை அவர் அறியார். பாதி வழியில் நீர் இடுப்புக்கு வந்தது. ஒரு கடையின் மேல்தளத்தில் யாரோ அவரைக் கைகொடுத்து ஏற்றினார்கள். இரவு முழுதும் அங்கேயே இருந்தார். தந்தை தாதரில் இரயில் நின்றதும் தண்டவாளத்தின் வழியே நடந்தார். நடந்தவர் வீட்டுக்குப் போகவில்லை. மனைவி வீட்டில் இருப்பாள் என்று எண்ணிப் பள்ளிக்குப் போனார். இவ்வாறு பிள்ளைகளுக்காக இருவரும் நீந்திய இரவில், பிள்ளைகளே எல்லோரினும் பாதுகாப்பாக இருந்தனர். ஆச்சியை நினைக்க ஒருவரும் மிஞ்சவில்லை.

ஆச்சி அரிசி டின்னின் மேல் ஏறி அமர்ந்திருந்தார். மாடிவீட்டு மராட்டியர் மும்முறை வந்து அழைத்தார். "ஆஜி, சலா" என்றார். ஆச்சிக்கு அந்த மொழி விளங்கவில்லை. அழைத்தவரையும் அடையாளம் தெரியவில்லை. இருட்டில் அயலான் ஒருவன் கையைப் பற்றி இழுக்கிறான் என்றுதான் அவருக்குத் தோன்றிற்று. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தார். நீர் மார்பளவு வந்தபோது அந்த மராட்டியரின் சிறுமகள் படிக்கட்டில் நின்று, "ஆச்சி, வாங்க! ஆச்சி, வாங்க!" என்று கூவினாள். பேரப்பிள்ளைகளோடு விளையாடிய நேரத்தில் அவள் கற்றுக்கொண்ட தமிழ் அந்த இரண்டு சொற்களே. அதைக் கேட்டபின் ஆச்சி கையை நீட்டினார்.

அந்தச் சிறுமி அன்று வேறு உறவினர் வீட்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்தக் குடும்பம் இன்றும் பேச விரும்புவதில்லை. நாமும் வற்புறுத்திக் கேட்டதில்லை.

வெள்ளம் வடிந்த பின் நம் சங்கத்தார் அரிசியும் போர்வையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். புறப்பட்ட பிறகுதான் நம் குறை நமக்குத் தெரிந்தது. பொங்கல் விழாவுக்கு நன்கொடை அளித்தவர் யார், எவ்வளவு என்பதெல்லாம் நம் பதிவேட்டில் அழகாக எழுதப்பட்டிருந்தன. கீழ்த்தளத்தில் குடியிருப்பவர் யார், நடக்கவியலாத முதியோர் எந்த வீட்டில் இருக்கிறார், கைக்குழந்தை எங்கே, நாள்தோறும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டிய நீரிழிவு நோயாளி யார் என்பவற்றில் ஒன்றேனும் அதில் இல்லை. இதைச் சொல்ல நமக்கு நாணமாகத்தான் இருக்கிறது.

ஊரில் இப்படியொரு ஏடு தேவைப்படுவதில்லை. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் நம் தென்மாவட்டங்களிலும் இதே அளவு மழை பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பதிவானது சுமார் 95 சென்டிமீட்டர். சாந்தாக்ரூஸின் அளவுக்கு அது சிறிதும் குறைந்ததன்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோக, நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கினார்கள். அருகிலிருந்த சிற்றூர் மக்கள் தம் வீட்டு அரிசியை எடுத்து அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தார்கள். அந்த இரண்டு நாளும் இங்கே நம் வீடுகளில் தொலைபேசியைக் கையிலேந்தியவாறு நின்றவர்கள் எத்தனை பேர்! ஊருக்கு அழைப்புப் போகவில்லை. ஆயினும் நமக்கு ஓர் ஆறுதல் இருந்தது. அங்கே பாட்டியைத் தூக்க மருமகன் இருக்கிறான். மருமகன் இல்லையேல் பக்கத்து வீட்டுப் பிள்ளை இருக்கிறான். யார் யாரைத் தூக்குவது என்று எவரும் எழுதி வைக்கவேண்டியதில்லை. பிழைப்பைத் தேடிப் பிரிந்து வந்த நமக்கு இங்கே அந்த ஏற்பாடு தானாக அமையாது. ஊரில் உறவு செய்வதை இங்கே நாமே முன்கூட்டிப் பேசி அமைத்துக்கொள்ள வேண்டும். நாம் கூற வந்த செய்தி இதுதான்.

இதற்காக ஒரு தாள் அணியம் செய்திருக்கிறோம். (அதன் அளவு பற்றிச் செயற்குழுவில் ஒன்றரை மணி நேரம் வாதம் நடந்தது. கதவின் உட்புறம் ஒட்டும் அளவே போதும் என்று இறுதியில் முடிவாயிற்று.) ஒவ்வொரு வீட்டிற்கும் இரண்டு படிகள். ஒன்று உங்கள் கதவிற்கு; மற்றொன்று உங்களுக்கு மேல்தளத்தில் இருப்பவரின் கதவிற்கு.

பிள்ளையை அழைத்து வருபவர் யார் என்பது அத்தாளின் முதற் கேள்வி. ஒருவர் பெயரை மட்டுமே எழுத வேண்டும். தாய், தந்தை இருவரும் என்று எழுதுவது ஒருவரும் இல்லை என்று எழுதுவதற்கு ஒப்பாகும். பெருமழை நாளில் பள்ளி தானே பிள்ளைகளை வைத்துக்கொள்ளுமா, யாரிடம் ஒப்படைக்கும் என்பதை ஆசிரியரிடம் இப்போதே கேட்டறியுங்கள். வைத்துக்கொள்ளும் என்றால் நீரில் இறங்காதிருப்பதே பெற்றோரின் கடமை. அது எவ்வளவு கடினமான கடமை என்பதை அறிந்தே சொல்லுகிறோம்.

அடுத்தது, நடக்கவியலாதவரை மாடிக்குத் தூக்குபவர் யார் என்பது. இதற்கு விடையாகத் தமிழர் ஒருவரின் பெயரைத் தேடி இரண்டு தெரு தள்ளிப் போகவேண்டா. வெள்ளத்தில் இரண்டு தெரு என்பது இரண்டு ஊர். மேல்மாடியில் இருப்பவர் சாதாராக்காரரோ பீகார்க்காரரோ, அவரே உங்கள் உறவினர். ஆண்டுக்கு ஒருமுறை அதிரசத் தட்டு அனுப்புவதோடு நில்லாமல், ஆச்சியின் முகத்தை அவருக்கும் அவர் முகத்தை ஆச்சிக்கும் காட்டி வையுங்கள். "சலா" என்றால் "வாருங்கள்", "வர்" என்றால் "மேலே", "பாணி" என்றால் "தண்ணீர்" என்ற அளவில் முதியோருக்கும் சில சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்ச் சங்கத்தின் இதழில் மராட்டிச் சொல் கற்பிப்பதா என்று வினவும் அன்பர்கள், அரிசி டின்னின் மேல் அமர்ந்திருந்த அந்த ஆச்சியை எண்ணிப் பார்க்கக் கோருகிறோம்.

வழக்கமாகச் செய்தி சொல்லும் இடம் மூன்றாவது கேள்வி. 2005இல் நகரத்திற்குள் அழைக்க முடியாதிருந்தவர்கள் பலர் வெளியூருக்கு அழைத்துப் பேசினார்கள். ஆகவே ஊரிலுள்ள ஒருவரைக் குறித்துக்கொள்ளுங்கள். தந்தை அவருக்குச் சொல்லட்டும். தாய் அவரைக் கேட்டறியட்டும். அழைப்புப் போகாவிட்டாலும் குறுஞ்செய்தி சில வேளை போய்ச் சேரும். அவருடைய எண்ணைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டும். கைப்பேசியின் மின்கலம் தீர்ந்தால் அதற்குள் இருக்கும் எண்ணும் அதனோடு தீர்ந்தது. மாநகராட்சியின் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1916. நாடு முழுவதற்குமான அவசர எண் 112. இரண்டும் தாளில் அச்சிடப்பட்டிருக்கின்றன.

காகிதங்களைப் பற்றியும் கூற வேண்டும். மேற்சொன்ன குடும்பத்தில் உயிர் எல்லாம் தப்பின. டிரங்குப் பெட்டி தப்பவில்லை. பிள்ளைகளின் பிறப்புச் சான்று, ரேஷன் அட்டை, அறைக்கு முன்பணம் கொடுத்த இரசீது ஆகிய யாவும் கூழாயின. நிவாரணம் கேட்டுச் சென்ற இடத்தில் முதலில் கேட்கப்பட்டது ரேஷன் அட்டை. அது வெள்ளத்தில் போயிற்று என்றால், போனதற்குச் சான்று என்ன என்று கேட்டார்கள். பிறந்த ஊர் தொலைவில் உள்ளவர்களுக்கு இந்தத் துன்பம் இருமடங்கு; ஒரு காகிதத்திற்காக இரண்டு நாள் இரயிலில் போய்வர வேண்டும். மூலங்களைத் தடித்த பிளாஸ்டிக் உறையிலிட்டுக் கட்டிப் பரணில் வையுங்கள். ஒரு படியை ஊரில் அண்ணனிடமோ தம்பியிடமோ கொடுத்து வையுங்கள். அரசாங்கத்தின் டிஜிலாக்கரில் பதிந்துவைத்தால் எந்தக் கைப்பேசியிலிருந்தும் எடுக்கலாம். இதை வீட்டுக் கல்லூரிப் பிள்ளையிடம் ஒப்படைத்தால் கால்மணி நேர வேலை.

இனி, மழை எந்த நாளில் பொல்லாதது என்பதை எவ்வாறு அறிவது? வானிலைத் துறை நிறத்தால் எச்சரிக்கிறது. மஞ்சள் என்றால் கவனித்திரு. ஆரஞ்சு என்றால் ஆயத்தமாயிரு. சிவப்பு என்றால் செயற்படு. ஒரு நாளில் 204.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்வது மிகமிகப் பெருமழை எனப்படும். இதனோடு கடல் ஏற்றத்தையும் சேர்த்துப் பார்ப்பது மும்பைவாசியின் கல்வி. இந்தக் கல்விக்குரிய நூல் நம் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது. ஊரிலிருந்து வரவழைக்கும் தினசரி நாட்காட்டியில் அமாவாசையும் பௌர்ணமியும் குறிக்கப்பட்டிருக்கின்றன அல்லவா? அவற்றை ஒட்டிய நாட்களில்தான் கடல் மிக உயர ஏறுகிறது. இந்நகரத்தில் அந்த நாட்களின் ஏற்றம் நண்பகலை ஒட்டி ஒன்றும் நள்ளிரவை ஒட்டி ஒன்றுமாக வரும். பின்னர் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிக்கொண்டே போகும். 2005 ஜூலை 26 பௌர்ணமி கழிந்து ஐந்தாம் நாள். நண்பகலிலிருந்து ஐந்து ஐம்பது நிமிடங்களைக் கூட்டிப் பாருங்கள். மாலை நான்கு மணிக்குக் கடல் ஏறி நின்றதன் காரணம் விளங்கும். கணக்கு இவ்வளவு எளிது. விரதத்திற்காக நாட்காட்டியைப் பார்க்கும் நம் மூதாட்டியரே வீட்டின் கடற்கணக்கராகலாம். சரியான மணியையும் உயரத்தையும் மாநகராட்சி ஆண்டுதோறும் முன்னரே வெளியிடுகிறது. நாலரை மீட்டருக்கு மேற்பட்ட நாட்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வையுங்கள்.

2005க்குப் பின் ஒன்றும் செய்யப்படவில்லை என்று சொல்லுவது நேர்மையாகாது. மித்தி அகலப்படுத்தப்பட்டது, ஹாஜி அலி, இர்லா முதலிய இடங்களில் கடல் ஏறியிருக்கும் நேரத்திலும் வெள்ளத்தை இறைத்துக் கடலில் தள்ளும் நீரேற்று நிலையங்கள் எழுந்தன. ஆயினும் 2017 ஆகஸ்டு 29ஆம் நாள் நகரம் மீண்டும் நீரில் நின்றது. பெயர்பெற்ற மருத்துவர் ஒருவர் வீட்டுக்கு நடந்து செல்கையில், வெள்ளத்தின் அடியில் திறந்து கிடந்த சாக்கடைக் குழியில் வீழ்ந்து உயிர் நீத்தார். நீர் வடியட்டும் என்று குழியின் மூடியைத் திறப்பது நம் தெருக்களிலும் உண்டு. திறப்பவருக்கு நல்லெண்ணந்தான், ஆனால் அது கொலைக்குழி. நடந்தே தீரவேண்டுமெனில் கையில் கோல் வைத்துத் தட்டிப் பார்த்து, சுவரோரமாக நடக்க வேண்டும்; நீர் சுழலும் இடத்தை நெருங்கலாகாது. வண்டியில் இருப்பவர், கதவு திறக்கும்போதே இறங்கிவிட வேண்டும். 2005இல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள் காத்திருந்தவர்களில் சிலர் மூச்சடைத்து மாண்டார்கள்.

மலைச்சரிவில் குடியிருக்கும் அன்பர்களுக்குத் தனியே ஒரு சொல். 2021 ஜூலை 18 அதிகாலையில் செம்பூரை அடுத்த மாகுல் பகுதியில் மதிற்சுவர் வீடுகளின் மேல் சரிந்து பதினைந்துக்கும் மேற்பட்டோர் உறக்கத்திலேயே மடிந்தனர். சுவரில் புதிய வெடிப்பு, சாய்ந்துவரும் மரம், வழக்கத்திற்கு மாறாகக் கலங்கி ஒழுகும் நீர் ஆகியவற்றைக் கண்டால் விடியட்டும் என்று காத்திராதீர்கள். அங்கே பரணும் உதவாது, மாடியும் உதவாது; அன்றிரவு வேறிடத்தில் உறங்குவதே வழி. அந்த இடம் எது என்பதையும் தாளில் எழுதுங்கள். இடமில்லாதவர்கள் எழுதாமல் விடுங்கள். சங்கத்தின் மண்டபம் என்று நாமே நிரப்பிக்கொள்ளுவோம்.

மெழுகுவர்த்தியைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுவோம் என்றோம். அதை வாங்கவேண்டா, மின்கல விளக்கே நல்லது. வெள்ளத்தில் எரிவாயு கசிந்தால் சுடர் பகையாகும். நீர் ஏறத் தொடங்கியதும் சிலிண்டரின் வாயிலையும் மெயின் ஸ்விட்சையும் மூடுவது வீட்டின் மூத்த பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று, நான்கு லிட்டர் வீதம் இரண்டு நாளைக்குக் குடிநீர். அவல், பொரிகடலை, வெல்லம். ஒரு வாரத்து மருந்து. அவலையும் கடலையையும் நம் வீடுகளுக்குப் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை.

வெள்ளம் வடிந்தபின் வரும் எலிக்காய்ச்சலை மட்டும் அழுத்திக் கூறவேண்டும். எலியின் சிறுநீர் கலந்த நீர், காலிலுள்ள சிறு புண்ணின் வழியே நுழைகிறது. வெள்ளத்தில் நடந்தவர் காலைச் சோப்பிட்டுக் கழுவி, 72 மணி நேரத்திற்குள் மாநகராட்சி மருந்தகத்தில் காட்ட வேண்டும். தடுப்பு மாத்திரை தரலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் கண்டால், கஷாயம் வைத்துக் காத்திருத்தல் கூடாது. சாதாரணக் காய்ச்சல் என்று நான்கு நாள் பொறுத்துப் பார்த்த குடும்பங்களை நாம் அறிவோம்.

சென்ற ஞாயிறன்று நம் இளைஞர் இருவர் தாராவியில் சில வீடுகளுக்கு இந்தத் தாளைக் கொண்டு சென்றனர். கீழ்த்தளத்தில் தனியே இருக்கும் ஆச்சி ஒருவர், தம்பி எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்: "மேல இருக்கிறவன் பேரை நீ எழுதிட்ட. என் பேரு அவனுக்குத் தெரியுமாய்யா? கேட்டுட்டு வா."

தம்பி மாடிக்குப் போய்க் கேட்டார். மாடியிலிருந்தவர் சாதாராக்காரர், பதினான்கு ஆண்டாக அங்கே குடியிருப்பவர். சிறிது யோசித்துவிட்டு, "ஆஜி" என்றார். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. அவரும் கீழே இறங்கி வந்தார். ஆச்சி தம் பெயரை இருமுறை சொல்ல, அவர் தம்முடைய தாளில் தம் மொழியில் எழுதிக்கொண்டார். எழுதியதை உரக்கப் படித்தும் காட்டினார். ஓரெழுத்து தவறு என்று ஆச்சி திருத்தினார்.

மற்ற வீடுகளுக்கு இம்மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறோம். பேனா நம்மிடம் இருக்கும். மாடிவீட்டாரையும் வீட்டில் இருக்கச் சொல்லி வையுங்கள்.